கியர் ஆயிலை ருசி பார்த்தவர்

தான் வாயைத் திறந்தாலே பாளையங்கோட்டையில் பாதி வண்டி பயந்து ஓட ஆரம்பித்துவிடும் என்று மெக்கானிக் இசக்கிமுத்து சொல்லிக்கொள்வார். ஜெசிந்தா டீச்சருக்கு அன்று அதைக் கேட்கப் பொறுமை இல்லை. அவள் டிரைவிங் ஸ்கூலின் ஒரே ஆட்டோமேட்டிக் கார் மூணாவது கியரை விட்டு இறங்க மாட்டேன் என்று முக்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு நாலு பெண்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட். அதில் கோமதி ஏற்கெனவே மூன்று முறை தோற்றவள். இதுவும் போனால் ஸ்டியரிங்கையே தொடமாட்டேன் என்று அழுதிருந்தாள்.

“ஸ்கேனரை மாட்டிப் பாருங்க அண்ணாச்சி.”

“அது காது இல்லாதவனுக்கு டீச்சர். நம்ம வண்ணார்பேட்டையில வண்டி வரும்போதே எந்த சென்சார் செத்துருக்குன்னு இங்கன இருந்து சொல்லுவேன். ஒருநாள் தூக்கத்துல சொல்லிட்டேன். எம்பொண்டாட்டிதான் எழுதி வச்சா.”

“ஆயில் பிரஷரையாச்சும் கேஜ் வச்சுப் பாப்பியளா?”

“நாக்கு எதுக்கு இருக்கு? போன மாசம் ஒரு டாக்டர் வண்டி. ஒரு சொட்டு நக்கிப் பாத்தேன். பிரஷரையும் சொன்னேன், ‘இதை ஊத்துனவனுக்கு அன்னைக்குக் காய்ச்சல்’னும் சொன்னேன். போன் போட்டுக் கேட்டா, நூத்திரெண்டு டிகிரி!”

“டாக்டர் பொழப்புலயும் மண்ணா?” என்றான், பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கொம்பையா. இசக்கிமுத்து அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மணி பன்னிரண்டரை. ஜெசிந்தாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. தானே பானெட்டைத் தூக்கினாள்.

“அதெல்லாம் சில்லறை டீச்சர். மதுரையில இருந்து திருநெல்வேலிப் பொண்ணைக் கட்ட வந்த ஒரு மாப்பிள்ளை காரு. கியரை மாத்துற கண்ட்ரோல் மாட்யூலே கருகிப்போச்சு. ரெண்டு வயரைப் பல்லுல கடிச்சுக்கிட்டு உக்காந்தேன். அங்கன இருந்து நான்தான் கம்ப்யூட்டர்! நாலாயிரம் கியர் மாத்துனேன், ஒரு குலுக்கல் கிடையாது. கயத்தாறுல தும்மிட்டேன். வண்டி ரிவர்ஸ்லயே கோவில்பட்டிக்குப் போயிட்டு.”

“அப்போ கல்யாணம்?” கொம்பையா விடவில்லை.

“முகூர்த்தத்துல தாலி கட்டிட்டாரு. ஆனா பொண்ணு கோவில்பட்டிக்காரி.”

கியருக்கு வேகத்தைச் சொல்லும் ஸ்பீடு சென்சாரின் பிளக்கை ஜெசிந்தா பிடுங்கினாள். உள்ளே காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம். போன வாரம் ஆயுத பூசைக்கு வண்டி இங்கேதான் நின்றது. ஒரு உறுப்பு விடாமல் பொட்டு வைப்பது இசக்கிமுத்துவின் வழக்கம். இந்தத் தடவை பக்தி முற்றிப்போய்ப் பிளக்கைக் கழற்றி உள்ளேயும் அப்பியிருக்கிறார்.

“இது யாரு வேலை அண்ணாச்சி?”

மனுஷன் அசரவில்லை. “அந்தப் பொட்டு இருக்கப்போயித்தான் டீச்சர் மூணாவது கியராச்சும் நின்னுச்சு!”

கொம்பையா கிளீனர் அடித்துத் துடைத்து மாட்டினான். ஜெசிந்தா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று கியர் வெண்ணெயாக விழுந்தது. கோமதியை நினைத்ததும் ஜெசிந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாத்தியளா? பேசிப் பேசியே சரி பண்ணிட்டேன்!” என்றார் இசக்கிமுத்து.

ஜெசிந்தா கார் கண்ணாடியை இறக்கினாள். “அண்ணாச்சி, அடுத்த பூசைக்கு அந்தச் சந்தனத்தை உங்க வாய்க்குள்ள வைங்க. அதுவாச்சும் ஒரு கியர்ல நிக்கட்டும்.”