முடித்துக் கொடுக்க வந்தவர்

பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், கொங்குச் சீமையில் பூவாத்தா என்றொரு பெண் இருந்தாள். பிள்ளையில்லாத அவள் வீட்டில் கூண்டுகள்தான் நிறைந்திருந்தன. ஊரார் வளர்க்கும் மைனாவோ புறாவோ நோவில் விழுந்தால் நேரே அவளிடம்தான் தூக்கி வருவார்கள். தன் கை பட்டால் எந்தப் பறவையும் பிழைக்கும் என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

உண்மையைச் சொன்னால், அப்போது அந்த வைத்தியம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நோவு எங்கே என்று பறவையே வாய்விட்டுச் சொல்லிவிடுமே. "ஆத்தா, தொண்டையில என்னமோ அடைக்குது" என்றால் தொண்டைக்குப் பார்ப்பாள். "குளுருது" என்றால் கூண்டருகே கங்குச் சட்டி வைத்துத் துணி போர்த்துவாள். கஞ்சித் தெளிவை விரலில் தொட்டு அலகில் விட்டால் பாதி நோவு போய்விடும்.

ஒரு கோடையில் ஊரில் காற்றே நின்றுபோனது. அவள் வளர்த்த மைனா கூண்டின் மூலையில் சுருண்டுகொண்டு, "ஆத்தா, என்னால முடியல" என்றது. எங்கே வலிக்கிறது என்று கேட்டாலும் அதே பதில்தான். உச்சி வெயில் என்றும் பாராமல் பூவாத்தா வாசலுக்கு ஓடிவந்து, பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பழனாத்தாக்கா! மைனாவுக்கு முடியலீங்கக்கா! சுக்கு இருந்தாக் குடுங்களே!"

பழனாத்தா வரவில்லை. தெருமுனையிலிருந்து வேறொருவர் வந்தார். வெள்ளை வேட்டி, மரியாதையான முகம். புழுதியில் நடந்து வந்தும் பாதத்தில் ஒரு பொட்டு மண் இல்லை. காலடியில் நிழலும் இல்லை. உச்சிப்பொழுதுதானே என்று பூவாத்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"முடியலைன்னு சத்தம் கேட்டுதுங்க," என்றார் அவர். "முடிச்சுக் குடுக்கலாம்னு வந்தனுங்க."

பதறிக்கொண்டிருப்பவள் சொல்லையா நிறுத்துப் பார்ப்பாள்? யாரோ வெளியூர் வைத்தியர் என்றே நினைத்துவிட்டாள். "நல்ல வேளைக்கு வந்தீங்க, உள்ள வாங்க" என்று அவளே கூட்டிப் போனாள். அவர் கூண்டுக்குள் விரலை நீட்டி மைனாவின் தலையைத் தொட்டார்.

"முடிஞ்சுதுங்க."

வேலையை ஒழுங்காகச் செய்த ஆளைப்போலக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். மைனா விறைத்துக் கிடந்தது.

மறுநாள் அவள் கதவைத் தாழிட்டு வைத்தாள். மாடப்புறா, "முடியல ஆத்தா" என்று முனகியதுதான் தாமதம், தாழ் போட்டது போட்டபடி இருக்க அவர் வீட்டுக்குள் நின்றார். பூவாத்தா கூண்டை மார்போடு கட்டிக்கொண்டு, "போயிருங்க, உங்களை யாரு கூப்பிட்டா?" என்று அலறினாள்.

"நானா எங்கயும் போறதில்லீங்க," என்றார் அவர், கோபமே இல்லாமல். "முடியலைன்னு ஆளு சொன்னா வருவேன். அரைகொறையா விட்டுப்போட்டுப் போறது நல்லாவா இருக்கும்?"

அவள் கட்டிப் பிடித்திருந்த கைக்குள்ளேயே புறா குளிர்ந்துபோனது. உடம்பு சரியில்லை என்பதற்கு நாம் யோசிக்காமல் சொல்கிற அந்தச் சொல், அவர் காதில் வேறு மாதிரி விழுகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவளே வளர்த்ததில் மிச்சம் இருந்தது கிளி ஒன்றுதான். குஞ்சிலிருந்து அவள் மடியில் வளர்ந்தது, பெற்ற பிள்ளைக்குச் சமம். அதற்கும் நோவு தொற்றியிருந்தது. பூவாத்தா கூண்டில் முகத்தைப் பதித்துச் சொன்னாள்: "சாமி, அந்தச் சொல்லை மட்டும் சொல்லீராத. எங்க வலிச்சாலும் ஆத்தா காதுல மெதுவாச் சொல்லு."

கிளி அப்படியே செய்தது. "கால் கனக்குது," "நெஞ்சு படபடங்குது" என்று அவள் காதோடு சொல்லும். அவளும் அதற்கேற்றபடி பார்த்தாள். கிளி தேறத் தொடங்கியது. கண்ணில் மினுக்கு வந்தது, இரண்டு தினை தின்றது. அவள் உயிரும் திரும்பி வந்தது.

ஒரு மத்தியானம் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தோடு திரும்பினாள். வீட்டுக்குள் யாரோ பேசும் சத்தம் கேட்டது. நிலைப்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே பேசியது அவள் குரல்.

"சாமி, இன்னும் முடியலையா? சொல்லு. ஆத்தா காதுல மெதுவாச் சொல்லு."

கூண்டுக்கு முன்னால் அவர் குனிந்து நின்றிருந்தார். சொல்லாதே என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. குரல் அங்கே அல்லவா இருந்தது!

கிளி அந்த முகத்தைப் பார்த்தது. பிறகு அவர் தோளுக்குப் பின்னால், வாயைத் திறந்தபடி சத்தமில்லாமல் தவிக்கும் பூவாத்தாவைப் பார்த்தது. உப்பியிருந்த இறகை ஒவ்வொன்றாக ஒதுக்கி உடம்போடு ஒட்ட வைத்தது. நடுங்கும் காலை ஊன்றி நிமிர்ந்தது. ஒரு தினையைக் கொத்தி உடைத்துக் காட்டிவிட்டுச் சொன்னது:

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்."

அவர் வெகுநேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி வெளியே போனார். தாண்டும்போது அவள் தொண்டைக்குள் குரல் திரும்ப இறங்கியது, கிணற்றுத் தண்ணீரைப் போலச் சில்லென்று.

குடத்தைப் போட்டுவிட்டுக் கூண்டிடம் ஓடினாள். "சாமி, நான்தான்! உன் ஆத்தாதான்! இப்பச் சொல்லு, எங்க வலிக்குது?"

கிளி அவளை உற்றுப் பார்த்தது. அதே குரல், அதே கேள்வி. குரலை எடுத்தவருக்கு முகத்தை எடுக்கத் தெரியாதா? இது ஆத்தாவா, அவரா?

"நல்லாத்தான் இருக்கேன்," என்றது.

அவள் காலையும் மாலையும் கேட்டாள். அழுது கேட்டாள். குரல் கேட்கும்போதெல்லாம் அது நிமிர்ந்து உட்கார்ந்து தினை கொத்தியது. எங்கே வலி என்று தெரியாமல் எதற்கு மருந்து கொடுப்பாள்? நல்லாத்தான் இருக்கிறது போலும் என்று கடைசியில் அவளே நம்பத் தொடங்கினாள். அந்த வாரத்திலேயே ஒருநாள் கிளி கம்பிலிருந்து விழுந்தது. கையில் எடுத்தால் உயிர் இல்லை, இறகுக்குள் எலும்புதான் இருந்தது. அலகுக்குள் விழுங்காத தினை ஒன்று இருந்தது. அவரைத் தவிர்க்க அது தன் நோவை மறைத்தது, ஆனால் காப்பாற்றக்கூடியவளிடமும் சேர்த்தல்லவா மறைத்துவிட்டது! பூவாத்தா வாய்விட்டு அழக்கூட இல்லை. தன் குரலைக் கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

வாசல் வேம்பில் இருந்த பறவைகள் நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. அவை பறந்து போய் மற்றப் பறவைகளுக்குச் சொல்லிவிட்டன. மனிதரோடு பேசுவதையும் அத்தோடு விட்டன.

அன்று முதல்தான், எவ்வளவு நோவு இருந்தாலும் பறவை அதை வெளியே காட்டுவதில்லை. ஆசையாய் வளர்த்தவர் கிட்டே வந்து "என்ன செய்யுது கண்ணு?" என்று கேட்டால், இறகை ஒதுக்கிக்கொண்டு, கேட்பது யார் என்று ஒருமுறை உற்றுப் பார்க்கிறது.