முள்ளம்பன்றி அருவி பார்க்கப் போன கதை

கருமடை ஆற்றங்கரையில், ஒரு பாறை இடுக்கில், ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தான். அவன் யாரையும் நம்ப மாட்டான். காற்று வடக்கே இருந்து அடித்தால், "இது ஏன் இன்னிக்கு வடக்க இருந்து அடிக்குது?" என்று வளைக்குள் இருந்தபடியே கேட்பான்.

அவன் மனைவி பெயர் கொண்டைச்சி. இரண்டு குட்டிகள். மூத்தவள் ஊசி, இளையவன் குச்சி. குட்டிகளுக்கு முள் இன்னும் முற்றவில்லை. தொட்டால் துடைப்பக்குச்சி மாதிரி வளையும்.

மழை விட்ட ஒரு நாள் கொண்டைச்சி சொன்னாள்: "ஏங்க, ஆத்தோரமா மேல போனா வெள்ளிப்பாறை அருவி இருக்காம். இப்ப தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுதாம். இருவாச்சி சொன்னா. குட்டிகளைக் கூட்டிட்டு ஒரு நடை போயிட்டு வருவோமே."

"தண்ணி மேல இருந்து கீழ விழுது. அதுல பாக்கதுக்கு என்ன இருக்கு?"

"பாத்தாத்தானே தெரியும்."

"இருவாச்சி எதுக்கு உன்கிட்ட வந்து சொல்லுதா? நாம அங்கிட்டுப் போனதும் இங்கிட்டு நம்ம வளையில புகுந்துக்கிடலாம்னு பாக்குதா."

"அவ மரப்பொந்துல இருக்கவ. பறக்கிறவளுக்கு நம்ம குழி எதுக்கு? கல்யாணமான வருஷத்துல இருந்து கேக்கேன். அடுத்த மழைக்கு, அடுத்த மழைக்குன்னே சொல்லுதீங்க. நீங்க வளைக்குக் காவல் இருங்க. நாங்க மூணு பேரும் போறோம்."

'நம்மை விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறாளே, இதில் என்ன இருக்கிறது?' என்று ஈட்டியப்பனுக்கு அதிலும் ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தினாலேயே அவனும் கிளம்பினான்.

முள்ளம்பன்றிகள் பகலில் தூங்குகிறவை. ஆனால் அருவியை வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்று கொண்டைச்சி உறுதியாகச் சொல்லிவிட்டாள். வெயில் இறங்குகிற நேரத்தில் நான்கு பேரும் வளைக்கு வெளியே வந்தார்கள். புறப்படும் முன் ஈட்டியப்பன் குட்டிகளை நிறுத்திக் கேட்டான்.

"ஆபத்து வந்தா என்ன செய்யணும்?"

"முதுகைக் காட்டணும்" என்றாள் ஊசி.

"எதுக்கு?"

"முள்ளு முதுகுலதான இருக்கு."

"மூஞ்சியில?"

"ஒண்ணுமே இல்ல" என்றான் குச்சி.

"அதான். எவன் மேல சந்தேகமோ அவனுக்கு முதுகு. மூஞ்சியை நம்ம ஆளுக பக்கம் மட்டும்தான் திருப்பணும். மறந்துராதீக."

ஆற்றோரமாக நடந்தார்கள். ஈட்டியப்பன் முன்னால், குட்டிகள் நடுவில், கொண்டைச்சி கடைசியில். பத்தடிக்கு ஒரு தரம் ஈட்டியப்பனின் முள் சிலிர்த்தது. ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. "இன்னொரு காலை எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கான்?" என்று முதுகைத் திருப்பினான். ஒரு நண்டு பக்கவாட்டில் போனது. "நேரா நடக்க இவனுக்கு என்ன கேடு?" என்று அதற்கும் திருப்பினான். அவன் திரும்பின வேகத்தில் பின்னால் வந்த ஊசிக்கு மூக்கில் குத்தியது.

"அப்பா, என்னையத்தான் குத்துதீங்க" என்று அவள் அழுதாள்.

"தள்ளி நடக்கணும் தாயி" என்றான் ஈட்டியப்பன்.

நீர்மருத மரத்தடி மடுவுக்கு வந்தபோது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு வழுவழுப்பான தலை எழும்பியது. நீர்நாய் மடுவன். அவனைக் கண்டதும் ஈட்டியப்பனுக்கு உடம்பில் இருந்த முள் அத்தனையும் எழுந்து நின்றது.

அதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஈட்டியப்பன் அரை நாள் மண்ணைக் கிண்டி ஒரு வள்ளிக்கிழங்கு எடுத்தான். ஒரு முயல் அளவு இருந்தது. அதை இந்த மடுவோரப் பாறையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குனிந்தான். நிமிர்ந்தால் கிழங்கைக் காணோம். எதிரே மடுவன் மட்டும் எதையோ மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றோடு பேச்சு நின்றது. என்ன ஏது என்று ஈட்டியப்பன் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

"அண்ணே, குடும்பத்தோட கிளம்பிட்டீங்க போல. அருவிக்கா?" என்றான் மடுவன்.

ஈட்டியப்பன் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு மனைவியிடம் சொன்னான்: "நாங்க எங்கேயோ போறோம்னு சொல்லு."

"அருவிக்குத்தான் தம்பி" என்றாள் கொண்டைச்சி.

"மதினி, மூங்கில் காட்டு வழி வேண்டாம். நரி பூவாலன் ரெண்டு நாளா அங்கனதான் சுத்துதான். தண்ணியை ஒட்டியே நடங்க. நானும் கூடவே நீந்தி வாறேன்."

"கூடவே எதுக்கு வாறான்னு கேளு" என்றான் ஈட்டியப்பன்.

"சும்மாதான் அண்ணே" என்றான் மடுவன்.

"சும்மா எவனும் எதுவும் செய்ய மாட்டான்னு சொல்லு. மூணு வருஷத்துக்கு முன்ன தின்னதே அவனுக்கு இன்னும் செரிச்சிருக்காதுன்னு சொல்லு."

மடுவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். கொண்டைச்சி தாழ்ந்த குரலில், "ஏங்க, நீர்நாய் மீன்தானே திங்கும். கிழங்கையா திங்கும்?" என்றாள்.

"அன்னிக்குத் தின்னான்" என்றான் ஈட்டியப்பன். மடுவன் வேண்டாம் என்று சொன்ன காரணத்துக்காகவே மூங்கில் காட்டு வழியில் திரும்பினான்.

மூங்கில் காட்டுக்குள் பாதி தூரம் போயிருப்பார்கள். வழி நடுவில் பூவாலன் உட்கார்ந்திருந்தான். நான்கு பேரும் சட்டென்று முதுகைத் திருப்பினார்கள். நரி அசையவில்லை.

"திரும்பாதீங்க அண்ணாச்சி, அப்படியே இருங்க" என்றான் பூவாலன். "என்னைய நம்பாதீங்க. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். குட்டிகளைக் கூட்டிட்டு வாற தகப்பன் இப்படித்தான் இருக்கணும். நான் பத்தடி தள்ளியே நிக்கேன்."

ஈட்டியப்பன் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். இத்தனை வயதில் தன்னிடம் வந்து 'நம்பாதே' என்று சொன்ன முதல் ஆள் இவன்தான்.

"நீ இந்த வழியில சுத்துதேன்னு மடுவன் சொன்னான்" என்றான்.

"சொல்லியிருப்பான். அப்படிச் சொன்னாத்தானே நீங்க தண்ணி ஓரமாப் போவீங்க. தண்ணி ஓரம் யாரு இடம்?"

"அவன் இடம்."

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே சொல்லுதீங்க."

ஈட்டியப்பனின் முதுகில் ஒரு வரிசை முள் படுத்தது. கொக்கைப் பற்றிச் சொன்னான். "நானும் அதைக் கவனிச்சேன் அண்ணாச்சி" என்றான் நரி. இன்னொரு வரிசை படுத்தது. இருவாச்சியைப் பற்றிச் சொன்னான். "பறக்கிறவளுக்குத் தரையில என்ன வேலைன்னு நானே நெனச்சேன்" என்றான் நரி. கிழங்கு காணாமல் போனதைச் சொன்னபோது நரி வாயில் அடித்துக்கொண்டு கண்ணீரே விட்டான். மூங்கில் காடு முடிவதற்குள் ஈட்டியப்பனின் முள் அத்தனையும் எண்ணெய் தடவிச் சீவின மாதிரி படிந்துவிட்டது. வீட்டில் கூட யாரும் அவன் பேச்சை இவ்வளவு நேரம் கேட்டதில்லை.

கொண்டைச்சி மட்டும் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, பத்தடின்னு சொன்னாரு. இப்ப நாலடிதான் இருக்கு."

"நீ யாரையும் நம்ப மாட்டியே" என்றான் ஈட்டியப்பன்.

அருவி வந்தது. தென்னை உயரப் பாறையிலிருந்து தண்ணீர் வெள்ளையாக விழுந்தது. விழுந்த இடத்தில் புகை மாதிரி சாரல் எழும்பியது. சாரலுக்குள் ஒரு சின்ன வானவில் நின்றது. கொண்டைச்சி வாயைத் திறந்தபடி பார்த்தாள். "இதைப் பாக்காமலா இத்தனை மழையைக் கழிச்சோம்" என்றாள். குட்டிகள் நாக்கை நீட்டிச் சாரலைப் பிடித்தார்கள்.

ஈட்டியப்பனுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. மூக்கையும் காதையும் வைத்துத்தான் அவன் பிழைத்து வந்தான். இங்கே சாரல் எல்லா வாசனையையும் கழுவிவிட்டது. இரைச்சல் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டது. அதனால்தான் பூவாலன் இதுவரை பொறுமையாக நடந்து வந்திருந்தான்.

அந்த நேரத்தில் அருவிக்குக் கீழே, ஆழமான கசத்தில் ஒரு தலை எழும்பியது. மடுவன். சொன்னபடியே தண்ணீர் வழியாக நீந்தி வந்திருந்தான். ஏதோ கத்தினான். இரைச்சலில் கேட்கவில்லை.

பூவாலன் ஓடிவந்து ஈட்டியப்பனின் காதில் வாயை வைத்துச் சொன்னான்: "பாத்தீங்களா அண்ணாச்சி, பின்னாலேயே வந்துட்டான். குட்டிகளை இழுத்துட்டுப் போகத்தான். அவனுக்கு முதுகைக் காட்டுங்க. மதினியையும் திரும்பச் சொல்லுங்க. பிள்ளைகளை என் பக்கம் விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

ஈட்டியப்பன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் முதுகைத் திருப்பினான். அவன் முகம் நரிக்கு நேராக வந்தது. "ஊசி, குச்சி, மாமா கிட்டப் போங்க" என்றான். குச்சி நடக்கத் தொடங்கினான். ஊசி தாயைப் பார்த்தபடி நின்றாள்.

கொண்டைச்சி திரும்பவில்லை. புருஷனைப் பார்த்தாள், நரியைப் பார்த்தாள்.

நரிக்கு இது பிடிக்கவில்லை. ஈட்டியப்பனின் கோபத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்ற நினைத்தான். கொண்டைச்சிக்கும் கேட்கும்படி கத்தினான்: "மூணு வருஷம் ஆனா என்ன அண்ணாச்சி, மறக்க முடியுமா? எவ்வளவு பெரிய கிழங்கு. நடுவுல கொஞ்சம் கசப்பு, மத்தபடி சர்க்கரை. அதைப் போயித் திருடிட்டானே!"

கொண்டைச்சி கணவனின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "ஏங்க, அந்தக் கிழங்கு நடுவுல கசக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் கடிக்கவே இல்லியே."

"நீங்க கடிக்கல. பின்ன இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஈட்டியப்பன் நரியைப் பார்த்தான். நரி அவனைப் பார்க்கவில்லை. இரண்டடி தூரத்தில் நின்ற குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈட்டியப்பனிடம் இருந்த முள் அத்தனையும் ஆற்றைப் பார்த்து நின்றது. நரிக்கு எதிரே அவனுடைய வெறும் மூக்குதான் இருந்தது.

"குச்சி, பின்னால வா!" என்று அலறினான்.

நரி பாய்ந்தான். குச்சி பதறிப் பின்வாங்கினான். பாசிப் பாறை வழுக்கிற்று. குட்டி உருண்டு கசத்துக்குள் விழுந்தான். அதே நேரம் கொண்டைச்சி திரும்பி, முதுகைக் காட்டியபடி, பின்புறமாகவே ஓடி நரியின் மேல் மோதினாள். மூக்கில் நான்கு, தாடையில் மூன்று, முன்னங்காலில் இரண்டு. முள்ளோடு பூவாலன் ஊளையிட்டுக்கொண்டு மூங்கில் காட்டுக்குள் ஓடினான். நரியால் இனி வெகு நாளைக்கு எதையும் மென்று ருசி சொல்ல முடியாது.

ஈட்டியப்பன் கசத்தின் ஓரத்தில் நின்றான். தண்ணீர் சுழன்றது. குச்சியைக் காணோம். குனிந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டான். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் பிளந்தது. மடுவன் குட்டியின் பிடரியைப் பல் படாமல் கவ்விக்கொண்டு மேலே வந்தான். பாறையில் வைத்தான். குச்சி தும்மினான். பிறகு அழுதான். கொண்டைச்சி அவனை மோந்து மோந்து பார்த்தாள்.

மடுவன் தண்ணீரிலேயே நின்றான். ஈட்டியப்பன் பக்கத்தில் வரத் தயங்கினான். ஈட்டியப்பன் மனைவியிடம், "அவன்கிட்ட..." என்று தொடங்கினான்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள் கொண்டைச்சி.

ஈட்டியப்பன் முதுகைத் திருப்பவில்லை. முள்ளைத் தாழ்த்தி, முகத்தை நீர்நாய்க்கு நேரே வைத்துக்கொண்டு கேட்டான்: "தண்ணி ரொம்பக் குளுந்து கிடக்கோ?"

"ஆமா அண்ணே" என்றான் மடுவன். பிறகு கிட்ட நீந்தி வந்து கேட்டான்: "ஒண்ணு கேக்கவா? மூணு வருஷமா எங்கூட ஏன் பேசல?"

"கிழங்கு" என்றான் ஈட்டியப்பன்.

"கிழங்குன்னா என்னது அண்ணே? அது நீந்துமா?"

கொண்டைச்சி சிரித்தாள். குட்டிகளும் சிரித்தார்கள். ஈட்டியப்பன் சிரிக்கவில்லை. "ஒண்ணுமில்ல. விடு" என்றான்.

திரும்பும்போது தண்ணீரை ஒட்டியே நடந்தார்கள். மடுவன் கூடவே நீந்தி வந்தான். மூன்று வருஷக் கோபத்தைச் சும்மா விட ஈட்டியப்பனுக்கு மனம் வரவில்லை. அதை அப்படியே தூக்கிப் பூவாலன் தலையில் வைத்தான். கொக்கைப் பார்த்து முதுகைத் திருப்பினான். நண்டுக்கும் திருப்பினான். ஆனால் திருப்புவதற்கு முன்னால், தன் முகம் எந்தப் பக்கம் வருகிறது, அங்கே நிற்பது யார் என்று ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். ஆனால் நம் சந்தேகத்துக்கெல்லாம் ஆமாம் போடுகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.