மேகம் இருந்த மூலை

வடதுருவத்தை ஒட்டிய மலைகளை மனிதர்கள் நடந்தே அளந்து, கையால் வரைந்த காலம். ஹல்வார்ட் என்ற நில அளவையாளரிடம் தொழில் கற்க வந்திருந்தான் தோர்ஸ்டைன். தாடி நரைத்த பிறகு சீடனானவன் என்பதால் அவனுக்கு எதிலும் அவசரம்.

“ஐயா, வரைபடத்தின் அடியில் என் பெயரை எப்போது எழுதுவீர்கள்?”

“தாள் முடியட்டும்.”

ஊரில் அவன் மகள் பூகோளம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பெயரை அச்சில் பார்த்துவிட்டால், இத்தனை வருடம் வீடு தங்காமல் திரிந்ததை அவள் மன்னித்துவிடுவாள் என்று அவன் நம்பினான்.

தாளில் வடமேற்கு மூலை மட்டும் பாக்கி. அந்தப் பக்கம் மேகம் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மறுத்தது. குளிர்காலமோ நெருங்கிவிட்டது. ஆசிரியர் வேறொரு சிகரத்தை அளக்கப் போன நேரத்தில் தோர்ஸ்டைன் பென்சிலை எடுத்தான். மேகத்துக்கு இந்தப் பக்கம் ஓர் ஆறு இறங்குகிறது, அந்தப் பக்கமும் ஓர் ஆறு இறங்குகிறது. நடுவில் ஒரு கணவாய் இல்லாமலா இருக்கும்? வரைந்துவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பாவம்.

ஹல்வார்ட் திரும்பி வந்து தாளை வெகுநேரம் பார்த்தார்.

“முடித்துவிட்டாயா?”

“முடித்துவிட்டேன் ஐயா.”

“நல்ல கணவாய். வந்த வழியே எதற்குச் சுற்ற வேண்டும்? இப்போதே இதன் வழியாகக் கரையில் நிற்கும் நம் கப்பலுக்குப் போய்விடலாம்.”

சொல்லிவிட்டு, பனிச்சறுக்கு வண்டியில் இருந்த உணவுப் பெட்டிகளில் பாதியை இறக்கி வைத்தார். மண்ணெண்ணெய் டின்னையும் இறக்கினார்.

“ஐயா, சாப்பாடு போதாதே.”

“குறுக்கு வழிதானே. நீ பார்த்த வழி, நீயே முன்னால் போ.”

தோர்ஸ்டைன், வண்டி இழுக்கும் நாய்களுக்குப் பூட்ட எடுத்த வாரைக் கீழே போட்டான்.

“நான் பார்க்கவில்லை ஐயா. அங்கே மேகம்தான் இருந்தது.”

ஹல்வார்ட் கோபப்படவில்லை. ரப்பரை அவனிடம் நீட்டிவிட்டு, பெட்டிகளை மறுபடி வண்டியில் ஏற்றத் தொடங்கினார்.

தோர்ஸ்டைன் கணவாயை அழித்தான். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. கண் கலங்க, ஒரு கோடு விடாமல் அழித்தான். மூலை வெள்ளையாகிவிட்டது.

ஹல்வார்ட் சட்டைக்குள்ளிருந்து மைப்புட்டியை எடுத்தார். வெளியே வைத்தால் உறைந்துவிடும் என்று எப்போதும் நெஞ்சோடுதான் வைத்திருப்பார். தாளின் அடியில், தன் பெயருக்குப் பக்கத்தில், தோர்ஸ்டைனின் பெயரை எழுதினார்.

“ஐயா, தாள் இன்னும் முடியவில்லையே. அந்த மூலையில் ஒன்றுமே இல்லை.”

ஹல்வார்ட் மை காய்வதற்காக ஊதினார்.

“இப்போதுதான் முடிந்தது” என்றார்.