கை தூக்காத எண்ணூறு பேர்

மேஜர் ஜெனரல் சோணாசலம் ஓய்வு பெற்று, தேர்தலில் நின்று, எம்.எல்.ஏ. ஆகி எட்டு மாதம் ஆகியிருந்தது. சட்டைப்பையில் ராஜினாமாக் கடிதத்தோடு சிவகாமி அம்மையின் மடத்துக்கு வந்தார். அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவரிடம் கேட்காமல் ஜெனரல் எந்தப் பெரிய காரியமும் செய்வதில்லை.

அம்மை கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கே கடிதத்தைக் கொடுத்துடலாம்னு இருக்கேம்மா. எனக்கு அரசியல் ஒத்துவரலை.”

“என்ன ஆச்சு?”

“நேத்து மேல்பட்டியில குறை கேக்கப் போனேன். ஒரே கூச்சல். ஒரு பொம்பளை என் முகத்துக்கு நேரா காலிக் குடத்தைத் தட்டுது. உக்காருங்கன்னேன். ஒருத்தரும் உக்காரலை.”

கோபமாகத்தான் சொன்னார். உண்மையில் மனிதர் நொந்துபோயிருந்தார்.

“பட்டாளத்துல எப்படி?”

“இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி, கர்னலா இருந்தப்போ, மாசம் ஒரு தர்பார் வைப்பேன். எண்ணூறு பேர் உக்காந்திருப்பாங்க. யாருக்காவது குறை இருக்கான்னு கேப்பேன். மூணு வருஷத்துல ஒரு கை மேலே வந்ததில்லை.”

சொல்லும்போதே முதுகு நிமிர்ந்துவிட்டது.

அம்மை வாசலைப் பார்த்தார். டிரைவர் காத்தவராயன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த எண்ணூறு பேரில் அவரும் ஒருவர்.

“அவரையும் கூப்பிடுங்க. மொச்சை நிறைய இருக்கு.”

காத்தவராயன் வந்து விறைப்பாக நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அம்மை ஜெனரலைப் பார்த்தார். ஜெனரல் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் லேசில் மடங்கவில்லை. அதற்குப் பிறகுதான் காத்தவராயன் உட்கார்ந்தார்.

மூவரும் உரித்தார்கள். கூடை பாதி காலியானபோது அம்மை கேட்டார்.

“தர்பார்ல சொல்ற மாதிரி உங்களுக்குக் குறையே இருந்ததில்லையா?”

காத்தவராயன் தயங்கினார். “சொல்லுப்பா,” என்றார் ஜெனரல், பதில் தெரிந்தவர்போல.

“இருந்துச்சும்மா. லீவு கிடைக்காம என் கல்யாணமே ரெண்டு தடவை தள்ளிப்போச்சு.”

ஜெனரல் திரும்பினார். “அப்புறம் ஏன் கை தூக்கலை?”

“முதல் நாளே சுபேதார் ஒத்திகை வெப்பார் சார். நீங்க கேக்கற மாதிரியே கேப்பார். யாரும் கை தூக்கக் கூடாது. தூக்கினா மைதானத்தைப் பத்துச் சுத்து ஓடணும்.”

“மூணு வருஷமாவா?”

“ஒரு மாசம்கூடத் தவறினதில்லை சார்.”

ஜெனரல் கையிலிருந்த மொச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் எதிர்பாராமல், வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்டார்.

“அப்போ நேத்து மேல்பட்டியில?”

“அங்கே சுபேதார் இல்லை,” என்றார் அம்மை.

ஜெனரல் அடுத்த மொச்சையை எடுத்து உரித்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நேற்றிலிருந்து இல்லாத நிம்மதியும் வந்திருந்தது.

“காத்தவராயா, நாளைக்குக் காலையில மேல்பட்டி போறோம்.”

“நாளைக்கு எனக்கு லீவு வேணும் சார். பேத்திக்குக் காது குத்தறோம்.”

ஜெனரல் அம்மையைப் பார்த்தார்.

“நீங்களே ஓட்டிட்டுப் போங்க,” என்றார் அம்மை. “வழி தெரியலைன்னா கேளுங்க. அந்த ஊர்ல சொல்றதுக்கு நிறையப் பேர் இருக்காங்க.”