ஒழுகாத குழி

“இந்த மண்ணு ஆகாதும்மா. செம்மண் உள்ள ஊராப் பாத்து நான் கிளம்பறேன்.”

மடத்துத் தோட்டத்தில் நின்றுகொண்டு தியாகேசன் இப்படிச் சொன்னார். மங்களாம்பிகை அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

காவிரிக் கடைமடைக் களிமண் அது. மழையில் மிதித்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயிலில் கடப்பாரைக்கே தண்ணி காட்டும்.

தியாகேசன் கொத்தனார் மேஸ்திரி. அவர் கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்றுகூட ஒழுகியதில்லை என்று ஊரில் பெயர். மனைவி கமலி இறந்த பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார். குருவான அம்மாவைவிட வயதில் மூத்தவர்தான். ஆனால் சீடன் என்று ஆன பிறகு வயதை யார் பார்க்கிறார்கள்?

வரும்போது கமலி வளர்த்த முல்லையில் பதியன் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வீட்டை வாங்கியவன் தாய்க்கொடியை வெட்டிவிட்டான், படுபாவி. பதியன்களும் ஒவ்வொன்றாக அழுகி, இப்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதிலும் அடி இலைகள் பழுக்க ஆரம்பித்துவிட்டன.

“இதுவும் போச்சுன்னா அவளோடதுன்னு எங்கிட்ட எதுவும் இல்லம்மா.”

செங்கல் கணக்குச் சொல்லும் அதே குரலில்தான் இதையும் சொன்னார். மனுஷன் அப்படித்தான். துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தானே காபி கொடுத்து வழியனுப்பியவர். “நீ மனுசனே இல்லய்யா” என்று மச்சான் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனான்.

“குழி யாரு வெட்டுனது?” என்று கேட்டார் அம்மா.

“நான்தான். சதுரமா வெட்டி, கரணையால நாலு பக்கமும் வழவழன்னு தேச்சேன். உள்ளே ஆத்து மணலும் தொழுவுரமும் ரொப்பியிருக்கேன். இந்தக் களிமண்ணை ஒரு பிடி அண்ட விடலை.”

அம்மா குனிந்து குழியோரத்து மணலை விலக்கினார். நேற்று முன்தினம் பெய்த மழைத்தண்ணீர் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அழுகிய முட்டை நாற்றம் வேறு.

“அருமையான தொட்டி, மேஸ்திரி. ஒரு சொட்டு ஒழுகலை.”

தியாகேசனுக்குச் சுருக்கென்றது.

“அப்ப நான் பாத்துப் பாத்துச் செஞ்சதுதான் அதைக் கொல்லுதா?”

அம்மா கடப்பாரையை எடுத்து நீட்டி, குழியில் வாய்க்காலை ஒட்டிய பக்கத்துச் சுவரைக் காட்டினார்.

“நான் கட்டுனதை நானே இடிச்சதில்லம்மா.”

“தெரியும்.”

வெகுநேரம் கடப்பாரையைப் பிடித்தபடியே நின்றார். அப்புறம் ஓங்கிக் குத்தினார். இரண்டாம் குத்தில் சுவர் வாய் பிளந்தது. கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலுக்கு ஓடியது.

செடியைத் தூக்கிப் பார்த்தார். வேரெல்லாம் கறுத்துக் கொழகொழத்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு வெள்ளை வேர்.

அம்மா அதற்குள் அந்தக் களிமண்ணையே கூட்டி, முழங்கால் உயரத்துக்கு மேடு போட்டிருந்தார். செடியை வாங்கி மேட்டின் உச்சியில் வைத்து மண் அணைத்தார்.

“எருவை என்னம்மா செய்ய?”

“மேலாகப் போடுங்க. உள்ளே கொண்டுபோறதை மண்புழு பாத்துக்கும்.”

தியாகேசன் எருவை இரண்டு கையாலும் அள்ளினார். போட முடியவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். “கமலி” என்றார். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சமையற்கட்டிலிருந்து மடத்துச் சமையல்காரி பரிபூரணம் சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

“ஐயோ, மேஸ்திரி அழறாரே! செடி செத்துப்போச்சாம்மா?”

“இல்ல. பொழைச்சுக்கும்.”

“பின்னே ஏன் அழறாரு? நான் போயி ரெண்டு வார்த்தை தேத்திட்டு வரேன்.”

அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கார். போயி நிறுத்திப்புடாத.”