பல்லிக்கு எந்த விளக்கு?

ஜெபராணியிடம் பாடம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். பொன்னழகு ஒருவர்தான் தலை நரைத்த சீடர். டீச்சரை விட ரொம்ப மூத்தவர். ஆனாலும் அவள் உட்காரச் சொல்லாமல் உட்கார மாட்டார்.

மதுரையில், தன் வீட்டு மாடியில் அவள் பல்லி வளர்க்கிறாள். சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளியும் கொழுத்த வாலுமாக, கண்ணாடிப் பெட்டியில் வாழ்கிற சாது. ஆசைப்பட்டு வாங்கிவிட்டு வளர்க்கத் தெரியாமல் முழிக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித் தருவாள். ஆனால் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் மட்டும் அவளிடம் கிடையாது.

பொன்னழகு நாடக மேடைகளுக்கு விளக்கு போட்டவர். ராஜா வந்தால் மஞ்சள், எமன் வந்தால் சிவப்பு என்று ஊர் ஊராக அலைந்தே வயதாகிவிட்டது. மனைவி போன பிறகு வீட்டில் அவரும் மகள் மதிவதனியும்தான். அவளும் வேலை கிடைத்துப் புனே போனாள். போகும்போது தான் வளர்த்த இதே வகைப் பல்லியை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். இது சகுனம் சொல்லுமா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுச் சிரித்தார்கள்.

தினமும் சாயங்காலம் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். பல்லி கண்ணில் பட்டால் பேச்சு நீளும். தின்றதா, தோல் உரித்ததா, ஏன் இப்படி முறைக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பல்லி ஒளிந்துகொண்டால், சரிப்பா வச்சிடுறேன் என்பதோடு சரி. அதற்குப் பிறகு வீட்டில் இருக்கவே பொன்னழகுக்குப் பிடிக்காது.

ஆகவே தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். பல்லி பதுங்குவதற்குக் கவிழ்த்து வைத்திருந்த ஓட்டுத் துண்டை எடுத்துவிட்டார். பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் விளக்கு கட்டினார். எந்த மூலைக்குப் போனாலும் பல்லி பளிச்சென்று தெரிந்தது. மகளும் சந்தோஷமாகப் பேசினாள்.

ஆனால் பல்லி தின்பதை நிறுத்திவிட்டது. கொழுத்த வால் நாளுக்கு நாள் வற்றி வந்தது. இப்படியே போனால் பிழைக்காது என்று அவருக்கே தெரிந்தது. மகளிடம் என்ன சொல்வது என்று பயந்து போய், விளக்குகளில் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு டீச்சரிடம் வந்துவிட்டார்.

"வெள்ளை வேணாம்னா நீலம் போடுறேன் டீச்சர். இல்ல, சிவப்பு. எதைப் போட்டா அது தின்னும்?"

ஜெபராணி கையை நீட்டினாள். விளக்கை வாங்கி மேசையில் வைத்து, அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிப் போட்டாள். ஒரு தட்டில் இரண்டு வடையை வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள். பிறகு எதிரே உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னழகு ஒரு வாய் பிட்டுப் போட்டார். கண் கூசியது. நெற்றி வியர்த்தது. மென்றாரே தவிர விழுங்க முடியவில்லை.

"வடை நல்லா இல்லையா அய்யா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இப்படி வெளிச்சத்துல உக்கார வச்சுப் பாத்தா எப்படி இறங்கும்? எங்க ஆளுங்க ராஜா வேசம் கட்டினாலும் திரைக்குப் பின்னால போய்த்தான் சாப்பிடுவாங்க."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார்.

ஜெபராணி விளக்கை அணைத்தாள். பகலில் ஜன்னல் வெளிச்சம் போதும் என்றாள். பெட்டியின் தரையில் ஒரு பக்கம் மட்டும் லேசான சூடு இருக்கட்டும், ஓட்டுத் துண்டைத் திரும்ப வையுங்கள், பொழுது சாய்ந்தால் இருட்டாக விடுங்கள், அது தானே வெளியே வந்து தின்னும் என்றாள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் பொன்னழகு. ஆனால் எழுந்திருக்கவில்லை. விளக்கின் ஒயரைக் கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"இருட்டா விட்டா அது ஓட்டுக்குள்ள இருக்கா, வெளிய இருக்கான்னே தெரியாது டீச்சர். எம் மக கூப்பிடுறப்ப நான் எதைக் காட்டுறது?"

ஜெபராணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இதே விளக்கை உங்க முகத்துக்குத் திருப்பி வச்சுக்கிட்டுப் பேசுங்க அய்யா."

"அய்யோ, அது எனக்குப் பழக்கமில்ல டீச்சர். காலம் பூராவும் விளக்குக்குப் பின்னாடியே நின்னவன் நான்."

"உங்க பொண்ணுக்கும் அது தெரியும். அதனாலதான் அவ பல்லியை விசாரிக்கிறா."