பரணில் கால் வைக்கும் இடம்

ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் ரெஜினாவிடம் தொழில் கற்க வந்த சிகாமணி, அவரைவிடப் பதினேழு வயது பெரியவர். பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். சீடர்தான், ஆனாலும் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை.

ஸ்பெயினில் ஒரு பழைய மாளிகைக்குப் பெயின்ட் அடிக்க நம் ஊர் ஆட்கள் போயிருந்தார்கள். அந்தக் கட்டடத்தைப் பற்றிய குறிப்பை, அவர்களை அனுப்பிய கம்பெனி ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. எந்தக் காலத்துக் கொத்தனாரோ கையால் எழுதி வைத்த குறிப்பு. பரணில் ஆள் கால் வைக்கும் இடம் எதனால் ஆனது என்பதற்கு அதில் ஒரே ஒரு சொல். மூன்று அகராதி புரட்டியும் அந்தப் பாழாய்ப்போன சொல் கிடைக்கவில்லை. கெட்டித் தளமாகத்தான் இருக்கும் என்று சிகாமணி 'ஸ்லாப்' என எழுதி முடித்துவிட்டார்.

ரெஜினா அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது நிச்சயமா சார்?"

"வேற என்னம்மா இருக்கும்? முப்பத்திரண்டு வருஷம் கட்டடத்துலயே கிடந்தவன் நான்."

"நிச்சயமா?"

"அனுபவத்துல சொல்றேன். தெரியலைன்னு எழுதினா நம்மளை யார் மதிப்பா?"

ஸ்பெயினில் வேலை தொடங்கும் நேரம். ரெஜினா பெயின்டர்களின் மேஸ்திரி இருதயராஜுக்குப் போன் போட்டு, அதைச் சிகாமணியின் கையில் கொடுத்தார்.

"ஏறி நிக்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க."

"சொல்லுங்கய்யா," என்றார் இருதயராஜ். "பரண்ல உத்தரத்துக்கு அடிக்கணும். ஆறு பேர் ஏணியடியில நிக்கறோம். ஆள் ஏறினா தாங்கும்ல?"

சிகாமணி ரெஜினாவைப் பார்த்தார். அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. அந்த நேரத்தில் அவர்மேல் சிகாமணிக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஏறாதீங்க மேஸ்திரி," என்றார் கடைசியில். "அது என்னன்னு எனக்குத் தெரியாது. ஏணியில நின்னபடியே ஒரு ஓரத்தைச் சுரண்டிப் பாருங்க."

ஏழு நிமிஷம் கழித்து மேஸ்திரியின் குரல் வந்தது.

"ஐயா, நாணல் பாயைக் கட்டி அதுமேல சுண்ணாம்பு பூசியிருக்கு. பூனை நடந்தாலே பொத்துக்கும். கீழ முப்பதடி."

சிகாமணி போனை மேஜையில் வைத்தார். 'ஸ்லாப்' என்று எழுதியதை அடித்தார்.

"அந்தச் சொல் உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியாது சார்," என்றார் ரெஜினா. "இப்படிச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு."